100ல் தொடங்கிய முகவரி

வீட்டு இணைய இணைப்பைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அது வேகத்தில்தான் போய் நிற்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸா 300 எம்பிபிஎஸ்ஸா, மாதம் எவ்வளவு, ஓடிடி சேர்த்துத் தருகிறார்களா, அவ்வளவுதான். அந்த இணைப்புக்கென்று வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய முகவரி ஒன்று உண்டா என்று வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. கோவில்பட்டியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக் கேமராவை சென்னையிலிருந்து பார்க்க வேண்டும் என்கிற சின்ன விஷயம் என்னை இந்தக் கேள்விக்குள் இழுத்துவிட்டது. கேமரா விவகாரம் ஒருவழியாக முடிந்துவிட்டது, கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

வாசல், மாடிப்படி, பின்கட்டு என்று சில கேமராக்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து படத்தைப் பதிந்து வைக்கும் ஒரு டிவிஆர் பெட்டி. மாட்டிக் கொடுத்த தம்பி வேலையில் சுத்தம். ஒயரைச் சுவரோரமாக ஒழுங்காக இழுத்து, கிளிப் அடித்து, கடைசியில் அப்பாவின் போனை வாங்கி டிவிஆர் திரையில் தெரிந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, "அவ்ளோதான்ணே, இனி உலகத்துல எங்க இருந்தும் பார்க்கலாம்" என்றார். பார்க்கவும் முடிந்தது. ஆனால் எனக்கு உறுத்தியது. எங்கள் வீட்டு வாசலில் யார் வருகிறார், அப்பா எத்தனை மணிக்கு நடக்கப் போகிறார் என்பதெல்லாம், பெட்டியைத் தயாரித்த நிறுவனம் எங்கோ வைத்திருக்கும் சர்வரைத் தொட்டுக்கொண்டுதான் என் போனுக்கு வந்து சேர வேண்டுமா? கோவில்பட்டியில் ஒரு பெட்டி, சென்னையில் ஒரு போன். இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாதா? போர்ட் ஃபார்வர்டிங், அதாவது ரவுட்டரில் எண்ணிட்ட ஒரு வாசலைத் (போர்ட்) திறந்து அங்கே வருவதை நேராக டிவிஆருக்கு அனுப்பும் ஏற்பாடு, செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "போர்ட்லாம் இப்போ யாரும் ஓப்பன் பண்றதில்லண்ணே. பண்ணாலும் வேலை செய்யாது" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியலண்ணே, முன்னாடி ஆகும், இப்போ ஆகறதில்ல" என்றார். அந்தப் பதில்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர் ஊராகக் கேமரா மாட்டும் ஒருவர் தன் அனுபவத்தில் கண்டுபிடித்த உண்மை அது. முன்னால் முடிந்த ஒன்று இப்போது முடிவதில்லை, அதை யாரும் அவருக்கு அறிவிக்கவும் இல்லை.

வீட்டுக்குள் மாறும் முகவரி

முதலில் வீட்டுக்குள் இருக்கிற சிக்கலைச் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. எங்கள் ஊரில் வெயில் காலத்தில் கரன்ட் போவதும் வருவதுமாக இருக்கும். கரன்ட் வந்ததும் ரவுட்டர், டிவிஆர், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு ஆளுக்கொரு முகவரி கேட்கும். கொடுப்பது ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி. போன தடவை யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற குறிப்பைப் பல வீட்டு ரவுட்டர்கள் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கின்றன, கரன்ட் போனதும் அதுவும் போய்விடும். அப்புறம் யார் முந்துகிறாரோ அவருக்கு முதல் எண். நேற்றுவரை டிவிஆருக்கு இருந்த 192.168.1.5 இன்று டிவிக்குப் போயிருக்கும். ரவுட்டரில் எழுதி வைத்த போர்ட் விதி மட்டும் அதே 5ஆம் எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும், டிவியின் கதவைத் தட்டும்.

இதற்குப் பலர் செய்வது, டிவிஆரிலேயே நிலையான முகவரியை அடித்து வைத்துவிடுவது. அந்த எண் ரவுட்டர் விநியோகிக்கும் வரம்புக்குள்ளேயே இருந்தால் என்றாவது ஒருநாள் வேறொரு கருவிக்கும் அதே எண் போய் இரண்டும் முட்டிக்கொள்ளும். சரியான வழி ரவுட்டரிலேயே டிவிஆரின் மேக் எண்ணை (கருவிக்கென்றே உள்ள அடையாள எண்ணை) குறித்து, இவருக்கு எப்போதும் 192.168.1.20தான் என்று ஒதுக்கி வைப்பது. டிவிஆர், பிரின்டர் போன்றவற்றுக்கு இது கச்சிதமாக வேலை செய்யும். போனுக்குச் செய்யும்போது கொஞ்சம் கவனம் வேண்டும், ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு மேக் எண்ணைத்தான் காட்டுகின்றன. தனியுரிமைக்கு அது நல்லது என்பதால் குறை சொல்ல மாட்டேன்.

வெளி முகவரி மாறுவது அடுத்த கட்டம். இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போது இணைய நிறுவனம் வேறு முகவரி கொடுக்கலாம். அதற்கு டிடிஎன்எஸ் இருக்கிறது. வீட்டிலுள்ள ஏதோ ஒரு கருவி அவ்வப்போது "இப்போது என் முகவரி இது" என்று ஒரு பெயரில் பதிந்து வைக்கும், நாம் எண்ணுக்குப் பதிலாக அந்தப் பெயரைக் கூப்பிட்டால் போதும். இந்தப் பெயர் வசதியைக் கொடுத்துவந்த டின் நிறுவனம் 2014 மே மாதத்தில் இலவச சேவையை நிறுத்தியபோது பல வீட்டுக் கேமராக்கள் திக்குத் தெரியாமல் நின்றன, ஆனால் அதற்குப் பிறகும் டக்டிஎன்எஸ் போன்ற இலவச வழிகள் இருக்கின்றன. ஆக, முகவரி மாறுவது ஒரு தொல்லை, தடை கிடையாது. உள்ளே மாறினால் ஒதுக்கி வைக்கலாம், வெளியே மாறினால் பெயர் வைத்துச் சமாளிக்கலாம். பல வருடங்களாக வீட்டில் சர்வர் வைத்துப் பழகியவர்கள் இப்படித்தான் ஓட்டினார்கள்.

இரண்டு எண்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் செய்து முடித்தேன். டிவிஆருக்கு முகவரி ஒதுக்கியாயிற்று. சோதனைக்காக மட்டும், வெளியிலிருந்து 8554 என்ற போர்ட்டுக்கு வருவதை 192.168.1.20ன் 554க்கு அனுப்பு என்று விதி எழுதியாயிற்று. 554 என்பது கேமரா வீடியோ ஓடும் ஆர்டிஎஸ்பியின் வழக்கமான போர்ட். வீட்டு வைஃபையில் டிவிஆரின் உள் முகவரிக்கே போய்ப் பார்த்தால் படம் பளிச்சென்று வருகிறது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் வெளி முகவரிக்குப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறுப்புச் செய்தி வந்திருந்தால்கூட யாரோ கதவருகில் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். எதுவுமே வரவில்லை.

டிவி அலமாரிக்கு மேலே ஃபைபர் பெட்டி இருக்கிறது, கேபிள்காரர் ஆணியடித்து மாட்டியது. அதன் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போய் நிலைமைப் பக்கத்தைத் திறந்தேன். வான் ஐபி (பெட்டியின் வெளிப்பக்க முகவரி) என்ற வரிக்கு நேராக 100.71 என்று தொடங்கும் ஒரு எண். பக்கத்து டேபில் 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்தேன். அங்கே முற்றிலும் வேறொரு எண். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் எண் ஒன்று, உலகம் எங்கள் வீட்டுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும் எண் இன்னொன்று. அந்த இரண்டாவது எண் எங்கள் வீட்டில் எந்தப் பெட்டியிலும் இல்லை. நான் எழுதிய விதி சரி, ஒதுக்கிய முகவரி சரி, பெயர் வைத்ததும் சரி, ஆனால் தட்டுகிற ஆள் எங்கள் வாசலுக்கே வரவில்லை. டிடிஎன்எஸ் பதிந்து வைத்திருந்ததும் அந்த இரண்டாவது எண்ணைத்தான், முன்பின் தெரியாத எத்தனையோ வீடுகளோடு நாங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் எண்ணை.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள முகவரிகள் 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 (இணையத்தின் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஒன்று) மூலம் இதற்காகவே ஒதுக்கப்பட்டவை. 41,94,304 முகவரிகள். இணைய நிறுவனமும் வாடிக்கையாளரும் தங்களுக்கிடையில் மட்டும் பயன்படுத்திக்கொள்ள, பொது இணையத்தில் செல்லுபடியாகாத எண்கள். வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் 192.168, 10, 172.16 வரிசைகள் 1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918ல் வந்தவை. நிறுவனமும் உள்ளே அவற்றையே பயன்படுத்தினால் வீட்டு ரவுட்டரோடு மோதும், எனவே நடுவில் தனியாக ஒரு வரிசை தேவைப்பட்டது. உங்கள் ரவுட்டரின் வான் ஐபி 100ல் தொடங்கி இரண்டாவது எண் 64க்கும் 127க்கும் இடையில் இருந்தால் நீங்கள் சிஜிநேட்டுக்கு, அதாவது பல வீடுகளை ஒரே பொது முகவரியைப் பங்கு போட வைக்கும் நிறுவனத்தின் ஏற்பாட்டுக்கு, பின்னால் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்றால் முதலில் வீட்டிலேயே இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள், ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு) மாற்றினால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பல கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பங்கிட்டுக்கொள்ள வைக்கும் நேட் எப்படி வேலை செய்கிறது என்பதை அப்பாவுக்குச் சொன்னபோது அடுக்குமாடி வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் காவலாளியைத்தான் உதாரணமாகச் சொன்னேன். உள்ளிருந்து யார், யாரைப் பார்க்கப் போனார்கள் என்று அவர் எழுதி வைத்துக்கொள்வார், பதில் வந்தால் நோட்டைப் பார்த்து உரிய வீட்டுக்கு அனுப்புவார். யாரும் கூப்பிடாமல் வெளியிலிருந்து ஒருவர் வந்து நின்றால் எந்த வீட்டுக்கு என்று தெரியாததால் திருப்பி அனுப்பிவிடுவார். போர்ட் ஃபார்வர்டிங் என்பது, இந்த மாதிரி ஆள் வந்தால் நேராக எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. சிஜிநேட் வந்ததும் தெருமுனையில் இன்னொரு காவலாளி உட்கார்ந்துவிட்டார். அவர் நாம் சொல்வதைக் கேட்க மாட்டார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது நாம் இல்லை. அப்பா கேட்ட கேள்வி நன்றாக இருந்தது: "மாசாமாசம் காசு நாமதானடா கட்டுறோம்?"

நிஜத்தில் அந்த நோட்டில் இருப்பது எண்கள். வீட்டில் ஒரு லேப்டாப் 192.168.1.23லிருந்து 51514 என்ற போர்ட்டில் கிளம்புகிறது. ஃபைபர் பெட்டி அதை 100.71ல் தொடங்கும் முகவரியும் வேறொரு போர்ட்டுமாக மாற்றுகிறது. நிறுவனத்தின் பெரிய பெட்டி அதை மறுபடி பொது முகவரியாகவும் இன்னொரு போர்ட்டாகவும் மாற்றுகிறது. ஒரு முகவரிக்கு மொத்தமே 65,536 போர்ட்கள், அவற்றைத்தான் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எழுதிய வரியை நெடுநேரம் வைத்திருக்கவும் முடியாது. யுடிபி (முதலில் இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் முறை) என்றால் குறைந்தது 2 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும், 5 நிமிடம் நல்லது என்று 2007ல் ஆர்எஃப்சி 4787 சொன்னது. நடைமுறையில் பதில் வராத யுடிபிக்கு லினக்ஸின் இயல்பு அளவு 30 விநாடிதான். அதனால்தான் வயர்கார்டு என்ற விபிஎன்னில் 25 விநாடிக்கு ஒருமுறை சும்மாவாவது ஒரு பாக்கெட் அனுப்பச் சொல்கிறார்கள், வரி அழிந்துவிடாமல் இருக்க. க்யூஆர் கோடு ஸ்கேன் செய்ததும் கேமரா தெரிந்த ரகசியமும் இதுதான். டிவிஆர் உள்ளிருந்து தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய் அந்த இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் போனும் அங்கே போகிறது. சர்வர் இருவருக்கும் ஒருவர் எண்ணை இன்னொருவரிடம் சொல்லி நேரடியாகப் பேச வைக்கப் பார்க்கும், அது முடியாவிட்டால் வீடியோ முழுவதும் அதன் வழியாகவே போகும். இரண்டில் எது நடக்கிறது என்று செயலி நமக்குச் சொல்வதில்லை.

குறை யாருடையது

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையானவர். "சார், நெட் ஸ்பீடு சரியா வருதா?" வருகிறது என்றேன். "எல்லா சைட்டும் ஓப்பன் ஆகுதா சார்?" ஆகிறது. "அப்போ உங்க கனெக்‌ஷன் நல்லா இருக்கு சார்." வெளியிலிருந்து உள்ளே வர முடியவில்லை என்பதை ஒரு பழுதாகப் பதிய அவரிடம் இடமே இல்லை. கடைசியில் மேலதிகாரி ஒருவர் பேசி, நிலையான பொது முகவரி வணிகத் திட்டத்தில் மட்டும்தான் என்றார். எனக்குக் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. ஒரு வீட்டு இணைப்பு "நன்றாக இருக்கிறது" என்பதற்கான இலக்கணத்திலிருந்தே ஒரு பாதியை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் கோபம்.

சிஜிநேட் வைத்ததற்காக நிறுவனத்தைத் திட்டுவதிலும் நியாயம் இல்லை. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4ல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலகக் கையிருப்பின் கடைசிப் பகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டன. நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் ஏப்னிக்கில் அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்றே கடைசிக் கையிருப்புக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கையிருப்பிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று வரம்பு வைத்தார்கள், 2019ல் அதுவும் 512 ஆனது. தெற்குச் சீமையில் சில ஊர்களுக்கு மட்டும் இணைப்புக் கொடுக்க இப்போது தொடங்கும் ஒருவர் 512 முகவரிகளை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு என்ன செய்வார்? வெளிச்சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். பங்கு போடுகிறார்கள். அதில் தவறில்லை.

நேட் என்பதே ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் வந்தது. 1994 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1631ல் கெல்ட் எகவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் அதை முன்வைத்தபோது, நீண்டகாலத் தீர்வு வரும்வரைக்குமான குறுகிய கால வழியாகவே சொன்னார்கள். நீண்ட காலத்துக்கு இது பொருந்தாது என்பதற்கான குணக்கேடுகளையும் அவர்களே அந்த ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். நீண்டகாலத் தீர்வான, பற்றாக்குறையே வராத அளவுக்கு முகவரிகள் கொண்ட ஐபிவி6 முதல் வடிவில் 1995லேயே ஆவணமாகிவிட்டது. முப்பது வருடங்களாகத் தற்காலிக ஏற்பாட்டிலேயே குடியிருக்கிறோம். அதன் மேல் இன்னொரு மாடியும் கட்டிவிட்டோம். நான் குறை சொல்வது இரண்டே விஷயங்களை. உங்களுக்குப் பொது முகவரி கிடையாது என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஐபிவி6ஐ உருப்படியாகக் கொடுப்பதும் இல்லை.

"99 சதவீதம் பேருக்கு இது தேவையே இல்லையே" என்று நண்பர் ஒருவர் சொன்னார், இத்துறையிலேயே இருப்பவர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தேவை இல்லாமல் போனது எப்படி என்று பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து எதையும் பரிமாற முடியாது என்பதால் போட்டோவெல்லாம் வாடகைக்கு ஒரு கிளவுடில் வைக்கிறோம், கேமராவுக்கு மாதச் சந்தா கட்டுகிறோம், இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு விளையாட்டு சர்வரை வீட்டில் ஓட்ட நினைத்தாலும் யாரோ ஒருவரின் சர்வரை வாடகைக்கு எடுக்கிறோம். கல்லூரிக்குப் போகும் பையன் தான் எழுதிய சின்ன வலைத்தளத்தைத் தன் லேப்டாப்பிலிருந்தே நண்பனுக்குக் காட்டலாம் என்ற வாய்ப்பே அவன் கண்ணில் படுவதில்லை. கூப்பிட மட்டுமே தெரிந்த, யாரும் கூப்பிட முடியாத இணைப்பில் வளர்ந்தவர்களிடம் போய், உனக்குத் தேவையா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பகிர்ந்த முகவரிக்கு வேறு விலையும் இருக்கிறது. அதே முகவரியில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர் எங்கோ சேட்டை செய்தால், நாம் போகும் தளமும் நீ மனிதன்தானா என்று பஸ், சிக்னல் படங்களைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும். யார் என்ன செய்தார் என்று கண்டுபிடிக்க முகவரி மட்டும் போதாது, எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்பதையும் சர்வர்கள் பதிந்து வைக்க வேண்டும் என்று 2011லேயே ஆர்எஃப்சி 6302 அறிவுறுத்தியது. எத்தனை பேர் அப்படிப் பதிகிறார்கள்?

மறைவு என்பது பூட்டு அல்ல

எதிர்வாதம் ஒன்று வலுவானது, அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். வீட்டை யாரும் வெளியிலிருந்து தொட முடியாதது நல்லதுதானே என்பது. 2016ல் மிராய் என்ற தீய நிரல் என்ன செய்தது என்று பார்த்தோம். இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித் தேடி, தயாரிப்பாளர் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. அக்டோபர் 21 அன்று அப்படிச் சேர்த்த படையை வைத்து டின் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் என்று பெரிய தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. அதுமாதிரி ஒரு படையில் எங்கள் டிவிஆரும் சேர்ந்துவிடாதா என்ன? admin என்ற சொல்லையும் 12345ஐயும் பாஸ்வேர்டாக வைத்திருக்கும் டிவிஆர்களை நம் ஊரில் எத்தனை கடைகளில் பார்க்கலாம்.

ஆனால் நேட் காப்பாற்றுகிறது என்ற நம்பிக்கையிலும் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் யுபிஎன்பி என்ற வசதியை வாங்கும்போதே போட்டு வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும், பல்பு உட்பட, பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் ரவுட்டரிடம் போய் இந்த போர்ட்டைத் திற என்று சொன்னால் திறந்துவிடும். 2013ல் இணையப் பாதுகாப்பு நிறுவனமான ரேப்பிட்7 நடத்திய ஆய்வில், வீட்டுக்குள் மட்டுமே கேட்க வேண்டிய அந்த யுபிஎன்பிக்கு வெளியிலிருந்து கேட்டே பதில் சொன்ன முகவரிகள் 8 கோடிக்கும் மேல். நேட் என்பது முகவரிப் பற்றாக்குறைக்கான கணக்கு வேலை. அதன் பக்கவிளைவாக ஒரு மறைவு கிடைக்கிறது, அவ்வளவுதான். யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று யோசித்து முடிவெடுக்கும் வேலை ஃபயர்வாலுடையது. அதற்கு நேட் தேவையே இல்லை. ஐபிவி6ல் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி இருந்தாலும், கேட்காமல் வருவதை ரவுட்டர் தடுக்க வேண்டும், வீட்டுக்காரர் விரும்பினால் திறந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஆர்எஃப்சி 6092 தெளிவாகவே எழுதியிருக்கிறது. கதவும் இருக்க வேண்டும், சாவி நம் கையிலும் இருக்க வேண்டும்.

அதனால் நானே டிவிஆரின் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து வைக்க மாட்டேன். சோதனைக்கு எழுதிய அந்த விதியை அன்றே அழித்துவிட்டேன், யுபிஎன்பியையும் அணைத்தாயிற்று. இப்போது டிவி அலமாரியில் ராஸ்பெரி பை என்ற கையளவு கணினி ஒன்று இருக்கிறது. அது உள்ளிருந்து வெளியே, நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சின்ன சர்வர் ஒன்றுக்கு வயர்கார்டு சுரங்கம் போட்டு வைத்திருக்கிறது. அந்த சர்வருக்குப் பொது முகவரி உண்டு. என் போனும் அங்கே போய்ச் சேரும். சர்வர் நடுவில் இருந்தாலும் அதை நடத்துவது நான், சாவிகள் என்னிடம். கரன்ட் போய் வந்தால் பை தானாகவே மறுபடி சுரங்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, வெளி முகவரி என்னவாக மாறினாலும் அதற்குக் கவலையில்லை. இதெல்லாம் கஷ்டமாகத் தோன்றுகிறவர்களுக்கு டெய்ல்ஸ்கேல் இருக்கிறது, அதுவும் அடியில் வயர்கார்டுதான், அமைப்பது சுலபம். அது தன் கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிகளும் அதே 100.64 வரிசையிலிருந்துதான் என்பது இன்னொரு விஷயம்.

இது வேலை செய்கிறது, அப்பாவும் அக்காவும் பார்க்கிறார்கள். ஆனாலும் இது சுற்றுவழிதான், மாதாமாதம் வாடகை கேட்கும் சுற்றுவழி. நேர்வழி ஐபிவி6தான். ஜியோ 2016ல் வந்ததிலிருந்தே இந்தியாவில் மொபைலில் ஐபிவி6 சர்வ சாதாரணம், என் போனுக்கு எப்போதோ வந்துவிட்டது. வீட்டுக்குக் கிடைக்கும் ஒரே ஒரு /64 துண்டில் (ஐபிவி6 முகவரித் தொகுதியில்) இருக்கும் முகவரிகள், மொத்த ஐபிவி4 முகவரிகளையும் அதே எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் அளவு. கேபிள்காரரிடம் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டுக்கும் ஐபிவி6 போட்டுக் கொடுத்தார், அதற்கு நன்றி. ஆனால் அவர்கள் கொடுத்த ஃபைபர் பெட்டியில் ஐபிவி6 ஃபயர்வாலுக்கு இருப்பது ஒரே ஒரு பொத்தான். போட்டால் எல்லாம் மூடும், அணைத்தால் வீட்டிலுள்ள எல்லாமே திறந்துவிடும். ராஸ்பெரி பையின் ஒரு போர்ட்டை மட்டும் திற என்று சொல்ல இடம் இல்லை. இணைப்பு அறுந்து வந்தால் முகவரியின் முன்னொட்டும் (தொடக்கப் பகுதியும்) மாறிவிடுகிறது, அதை டிடிஎன்எஸ்ஸில் போட்டுச் சமாளிக்கலாம். டிவிஆருக்கு ஐபிவி6 தெரியாது, அதையும் பை பார்த்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது அந்த ஒற்றைப் பொத்தான்தான்.

பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றிக் கொடுத்தால் என் சொந்த ரவுட்டரில் ஃபயர்வால் விதிகளை நானே எழுதிக்கொள்வேன் என்று கேபிள்காரரிடம் கேட்டிருக்கிறேன். "அலுவலகத்துல கேட்டுச் சொல்றேன் சார்" என்றிருக்கிறார். அடுத்து அக்கா வீட்டுக்கும் புது இணைப்பு வாங்க வேண்டும். அங்கே வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பொது முகவரி உண்டா, ஐபிவி6 உண்டா, பெட்டியை பிரிட்ஜில் போடுவீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.